தைவானில் பின்னிரவு பபுள் டீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷின்சூ, தைபெய், தைச்சுங் என்று தைவானின் பல்கலைக்கழக ஊர்களுக்குப் படிக்கவும் ஆராய்ச்சி செய்யவும் வரும் தமிழர்கள் நிறையப் பேர். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு வெளியே வரும்போது மணி ஒன்பதரை ஆகியிருக்கும். சாப்பாட்டுக் கடைகள் பாதி மூடியிருக்கும், தேநீர்க் கடையில் மட்டும் விளக்கு எரியும். புதிதாக வந்தவர்களும், ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருபவர்களும் அந்தக் கடையைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரவில் பபுள் டீ, அதாவது முத்துபோன்ற மரவள்ளி மாவு உருண்டைகள் போட்ட தேநீர், குடிக்கப் போனால், கடையின் பெயரைவிட அங்கே அந்த முத்து எப்போது வெந்தது என்பதுதான் முக்கியம். கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வரும்.

கடைகள் எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

வாங்கிக்கொண்டு கிளம்பும் சின்னக் கடைகள் பெரும்பாலும் இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்றுக்குள் மூடிவிடும். இரவுச் சந்தைகளை ஒட்டியவை, அதாவது தைபெயில் ஷிலின், ராவ்ஹே, தைச்சுங்கில் ஃபெங்ஜியா பக்கம் இருப்பவை, நள்ளிரவு வரையும் ஓடும். மழை பெய்தாலோ வார நாளாக இருந்தாலோ சீக்கிரமே கடையை எடுத்து வைத்துவிடுவார்கள். வரைபடத்தில் “11 மணி வரை” என்று போட்டிருந்தால் பத்தரைக்குள் போய்விடுங்கள். கடைசி அரை மணி நேரம் அவர்களுக்குக் கழுவித் துடைக்கும் நேரம்.

அந்தக் கறுப்பு முத்து எதில் செய்வது? நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்?

மரவள்ளிக் கிழங்கு மாவு. சேலத்தில் காயப்போடும் ஜவ்வரிசிக்கும் இதுதான் மூலப்பொருள். ஜவ்வரிசி சின்னதாக, வெள்ளையாக, பாயசத்தில் கரைகிற பதத்தில் இருக்கும். தைவான் முத்து பெரியது, கருப்புச் சர்க்கரையோ கேரமலோ சேர்த்து நிறம் ஏற்றியது, பல்லுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்க வேண்டும் என்றே செய்வது.

கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஏறக்குறைய அரை மணி நேரம் வேகவிடுவார்கள். பிறகு அடுப்பை அணைத்து, மூடி, கிட்டத்தட்ட அதே அளவு நேரம் அப்படியே விட்டுவிடுவார்கள். நடுப்பகுதி வேகுவது இந்த இரண்டாவது கட்டத்தில்தான். இதில் அவசரப்பட்ட கடையின் முத்தைக் கடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, மாவு வாசனையோடு இருக்கும். வெந்ததை வடித்து, தண்ணீரில் அலசி, சர்க்கரைப் பாகில் ஊறப்போடுவார்கள். அங்கிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். வெந்த மாவு ஆற ஆற அதற்குள் இருக்கும் ஸ்டார்ச் மறுபடி நெருங்கி இறுகும், பிடித்து வைத்திருந்த தண்ணீரை விடும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். பாகிலேயே கிடந்தால் வெளிப்புறம் குழைந்துபோகும். ஆக, வெந்ததிலிருந்து சுமார் நான்கு மணி நேரம்தான் நல்ல முத்தின் ஆயுள். அக்கறையுள்ள கடைகள் அதற்கு மேல் கிடந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாக வேகவைக்கும்.

ஒரு பானை தயாராக ஒரு மணி நேரம் ஆகிறதென்றால், மூடும் நேரத்துக்குப் பக்கத்தில் யாரும் புதுப் பானை ஏற்றமாட்டார்கள். பெரும்பாலான கடைகளில் கடைசிப் பானை சாயங்காலம் ஆறு, ஏழு மணியளவில் ஏறும். ஒன்பதுக்குப் போனால் நல்ல முத்து. பத்தரைக்குப் போனால், தீராமல் மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம்.

வாங்கும் முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கடைப் பெண் பானையின் மூடியைத் திறந்து கரண்டியால் அள்ளும்போது பாருங்கள். முத்து ஒவ்வொன்றாக, பாகோடு பளபளத்துக்கொண்டு கோப்பைக்குள் நழுவி விழுந்தால் அது நன்றாக இருக்கிறது. கரண்டியைத் தட்டித்தட்டிக் கட்டியாக விழவைத்தால் அதற்கு வயதாகிவிட்டது. தைவான்காரர்கள் நல்ல முத்தின் பதத்தை “க்யூக்யூ” என்பார்கள். மென்மையும் இழுவையும் சேர்ந்த பதம் அது. நூடுல்ஸ், மீன் உருண்டை, இனிப்பு எல்லாவற்றுக்கும் இதே சொல்தான் பாராட்டு.

“மேய் யோ லா” என்று கை அசைத்துவிட்டார்கள். என்ன அர்த்தம்?

தீர்ந்துவிட்டது. பத்து மணிக்கு மேல் அடிக்கடி கேட்கும் பதில் இது. வருத்தப்பட வேண்டாம். பழைய முத்தை உங்கள் தலையில் கட்டாமல் இல்லையென்று சொல்கிற கடை நல்ல கடை, மறுநாள் சீக்கிரமாகப் போங்கள். அன்றைக்கு முத்துக்குப் பதில் வேறொன்றைக் கேளுங்கள். ஷியன்ட்சாவ் என்கிற கறுப்பு மூலிகை ஜெல்லி பாலோடு நன்றாகச் சேரும், லேசான கசப்பும் இருக்கும். ஆய்யூ என்பது தைவான் மலைகளில் படர்கிற ஓர் அத்தி வகையின் விதைகளைத் தண்ணீரில் கசக்கியே உறையவைக்கும் ஜெல்லி. எலுமிச்சைச் சாற்றோடு குடிக்க வேண்டும். கோடை இரவில் முத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

சீனம் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. எப்படி ஆர்டர் செய்வது?

கவுன்டரில் கேட்கும் கேள்விகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும்: என்ன பானம், சின்னதா பெரியதா, இனிப்பு எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, பை வேண்டுமா. வரிசை தெரிந்துவிட்டால் மொழி பெரிய தடை இல்லை. பல கடைகளில் படத்தோடு அட்டை வைத்திருப்பார்கள், விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

பால் சேர்த்த முத்துத் தேநீருக்கு “ஜென்ஜூ நாய்ச்சா”. நடுத்தரக் கோப்பை சுமார் 500 மில்லி, பெரியது 700. இனிப்புக்கு ஐந்து படிகள் உண்டு: முழுசு, எழுபது சதவீதம், பாதி (“பான் தாங்”), முப்பது சதவீதம் (“வேய் தாங்”), சுத்தமாக வேண்டாம் (“வூ தாங்”). ஐஸும் அப்படித்தான்: வழக்கமான அளவு, குறைவாக (“ஷாவ் பிங்”), இன்னும் குறைவாக, ஐஸ் இல்லாமல் (“ச்யூ பிங்”), வெதுவெதுப்பாக, சூடாக. இவ்வளவையும் கடைக்காரர் ஒரே மூச்சில் கேட்பார். நீங்களும் ஒரே மூச்சில் “பான் தாங், ஷாவ் பிங்” என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

ஒரு நுணுக்கம். ஐஸ் உருகித் தேநீரை நீர்க்கவைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் சர்க்கரையின் அளவை வைத்திருக்கிறார்கள். ஐஸ் வேண்டாமென்றால் அதே சர்க்கரை திகட்டும். எனவே ஐஸைக் குறைக்கும்போது இனிப்பையும் ஒரு படி இறக்குங்கள்.

பிறகு ஷேக்கரில் குலுக்கி, கோப்பையில் ஊற்றி, வாயில் படலம் வைத்து இயந்திரத்தால் ஒட்டித் தருவார்கள். வாங்கியதும் குத்திவிடாதீர்கள். கோப்பையை நாலைந்து தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், அடியில் தங்கிய பாகு மேலே ஏறும். அகல ஸ்ட்ராவின் கூர்முனையைப் படலத்தில் நிறுத்தி, மேல் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு ஒரே குத்து. மெதுவாக அழுத்தினால்தான் சட்டையில் தெறிக்கும்.

சர்க்கரை இல்லாமல் வாங்கினால் உடம்புக்கு ஒன்றும் செய்யாதுதானே?

தேநீரில்தான் சர்க்கரை இருக்காது. முத்து பாகில் ஊறியது, அதன் இனிப்பு அப்படியே வரும். முத்தே முழுக்க மாவுச்சத்து. முழு இனிப்போடு 700 மில்லி வாங்கினால் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக்கூடும். சர்க்கரையால் வரும் ஆற்றல் நாளின் மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பெரியவர் ஒருவருக்கு அது ஏறக்குறைய இதே 50 கிராம். தைவானில் ஒரே பெயரில் பல கிளைகள் உள்ள சங்கிலிக் கடைகள் ஒவ்வொரு பானத்தின் சர்க்கரை, கலோரி அளவைப் பட்டியலில் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது, பார்த்து வாங்குங்கள். நீரிழிவு உள்ளவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளைப் பார்க்க வரும் நம் அப்பா அம்மாக்கள், முத்தைத் தவிர்த்துவிட்டு இனிப்பில்லாத ஊலாங் தேநீர் குடிப்பது நல்லது. தைவானின் ஊலாங்குக்கு முத்து தேவையே இல்லை.

நான் இரவில் வாங்குவது நடுத்தரக் கோப்பை, முப்பது சதவீத இனிப்பு. முத்தின் தித்திப்பும் சேர்ந்து சரியாக இருக்கும். அதோடு தேயிலையின் வாசனை அப்போதுதான் தெரியும்.

இரவு குடித்தால் தூக்கம் போய்விடுமா?

போகும். பெரிய கோப்பை கறுப்புத் தேநீரில் ஒரு காபிக்கு நிகரான கஃபீன் இருக்கலாம். உடம்பில் அது பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். மறுநாள் காலையில் வேலை இருக்கிறவர்கள் தேயிலையே இல்லாத பானத்தைக் கேட்க வேண்டும். தேநீர்க் கடையில் அப்படி நிறைய இருக்கிறது.

கருப்புச் சர்க்கரைப் பாகு கோப்பையின் சுவரில் வரிவரியாக வழிய, சூடான முத்தின்மேல் குளிர்ந்த பாலை ஊற்றித் தருவது ஒன்று. 2017-இல் தைச்சுங்கில் தொடங்கிய டைகர் சுகர் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதற்கு முன்பே தைபெயின் கோங்குவான் பகுதியில் மாணவர்கள் இந்த வகைக்கு வரிசையில் நின்றார்கள். அடிப்படையான வடிவத்தில் இதில் தேநீர் கிடையாது, இனிப்பு மட்டும் அதிகம், குறைக்கச் சொன்னால் பல கடைகளில் முடியாது என்பார்கள். இன்னொன்று வெண்பூசணியைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சிக் கரைத்துத் தருவது. பெயரில் தேநீர் என்று இருந்தாலும் இலை சேராது. காசி அல்வாவின் மணம் தெரிந்த நாக்குக்கு அது உடனே பிடித்துவிடும், எலுமிச்சை சேர்த்துக் கேளுங்கள். சேப்பங்கிழங்கு இனத்தைச் சேர்ந்த கிழங்கை மசித்துப் பாலில் சேர்ப்பதும் உண்டு, குளிர்கால இரவில் அதைச் சூடாகக் குடித்தால் வயிறு நிறைந்துவிடும்.

நான் சைவம். எதைக் கவனிக்க வேண்டும்?

முத்து சைவம்தான். கவனிக்க வேண்டியது புட்டிங். அதில் முட்டை இருக்கலாம், ஜெலட்டினும் இருக்கலாம். “வோ ச்சி சூ” (நான் சைவம்) என்று சொன்னால் தைவானில் எல்லோருக்கும் புரியும். பௌத்தர்களின் சைவ உணவுப் பழக்கம் இங்கே ஆழமாக வேரூன்றியது, கடைக்காரர்களும் பொறுமையாக விசாரித்துச் சொல்வார்கள். பால் வேண்டாம் என்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான பால் தேநீரில் பெரும்பாலும் பாலுக்குப் பதில் க்ரீமர் தூள் சேர்ப்பார்கள், ஆனால் அந்தத் தூளிலும் பாலின் புரதம் இருக்கலாம். உண்மையான பால் வேண்டுமென்றால் “ஷியன் நாய்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். விலை பத்து இருபது தைவான் டாலர் கூடும், ருசி அதைவிடக் கூடும்.

இதை முதலில் செய்தது யார்? அந்தக் கடைக்கே போகலாமா?

இரண்டு கடைகள் உரிமை கோருகின்றன. தைச்சுங்கில் 1983-இல் லியூ ஹான்-ஜியே தொடங்கிய தேநீர்க் கடை, பின்னாளில் சுன் ஷுய் தாங் என்று பெயர் பெற்றது. தேநீரை ஐஸோடு காக்டெயில் ஷேக்கரில் குலுக்கி, மேலே நுரை நிற்கத் தருவது அங்கே வழக்கம். 1980களின் பிற்பகுதியில் அங்கே வேலை பார்த்த லின் ஷியூ-ஹுய், தனக்குப் பிடித்த இனிப்பு மரவள்ளி உருண்டைகளைத் தேநீரில் கொட்டிப் பார்த்தார் என்பது அவர்கள் தரப்பு. தைனானில் ஹான்லின் தேநீரகத்தின் தூ சோங்-ஹே 1986-இல் யாமுலியாவ் சந்தையில் வெள்ளை மரவள்ளி உருண்டைகளைப் பார்த்துவிட்டுத் தேநீரில் சேர்த்ததாகச் சொல்கிறார். அதனால்தான் ஹான்லினில் இன்றும் வெள்ளை முத்தும் கறுப்பு முத்தும் கலந்த கோப்பை கிடைக்கிறது.

வழக்கு பத்து ஆண்டு நடந்தது. 2019-இல் நீதிமன்றம், இது யாரும் காப்புரிமை பெற்ற பொருள் அல்ல, எந்தக் கடையும் செய்யலாம், யார் முதலில் செய்தார்கள் என்று தீர்மானிக்க வேண்டிய தேவை இல்லை என்று முடித்துவைத்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகுந்த மகிழ்ச்சி. காப்புரிமை வாங்கியிருந்தால் ஷின்சூவின் சந்துக்கடையில் ஒரு அக்கா தன் கைப்பட வேகவைக்கும் முத்து நமக்குக் கிடைத்திருக்காது.

தைச்சுங்கின் ஸுவேய் தெருவில் இருக்கும் பழைய சுன் ஷுய் தாங் கடைக்கு அவசியம் போங்கள். கண்ணாடிக் குவளையில் தருவார்கள், முத்து சிறியது, நுரை நாக்கில் படும். ஆனால் அதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பின்னிரவுக்கான இடமல்ல.

இரவில் உட்கார்ந்து பேச இடம் கிடைக்குமா?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நுரைத் தேநீர்க் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். மாணவர்கள் ஒரு குவளையை வைத்துக்கொண்டு சீட்டாடிக்கொண்டிருப்பார்களாம். இன்று அவை குறைந்துவிட்டன. வாடகை ஏறியதும், நாற்காலியே இல்லாத கவுன்டர் கடைகள் பெருகிவிட்டன. உட்காரும் வசதியுள்ள இடங்களில் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்பது விதி. நாலு பேர் போய் ஒன்றைப் பகிர்ந்துகொள்ள நினைத்தால் சங்கடமாகிவிடும். பெரும்பாலும் எல்லோரும் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரையிலோ கோயில் முற்றத்திலோ பல்கலைக்கழகப் படிக்கட்டிலோ உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு ஆகும்?

சங்கிலிக் கடையில் சுமார் 50 முதல் 80 தைவான் டாலர். ஒரு டாலரை இரண்டரை முதல் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரசீதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள எட்டு இலக்க எண்ணுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசு குலுக்கல் நடத்துகிறது, முதன்மைப் பரிசு ஒரு கோடி டாலர். பைக்குக் காசு தனி. அதனால் ஊர்க்காரர்கள் கோப்பை நுழைகிற அளவில் ஒரு துணிப் பையைக் கைப்பையிலேயே மாட்டிக்கொண்டு திரிவார்கள். சொந்தக் கோப்பை கொண்டுபோனால் குறைந்தது 5 டாலர் தள்ளுபடி. 2022 டிசம்பரில் தைபெயில் தொடங்கிப் படிப்படியாக மற்ற ஊர்களிலும் பிளாஸ்டிக் கோப்பையைத் தடைசெய்துவிட்டார்கள், இப்போது தருவது காகிதக் கோப்பை. பானத்தின் அடுக்குகள் வெளியே தெரியாது. அழகு குறைந்தாலும் நல்ல முடிவு.

மெட்ரோவில் குடித்துக்கொண்டே போகலாமா?

கூடவே கூடாது. தைபெய் மெட்ரோவில் கட்டணக் கதவைத் தாண்டிவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அபராதம் 1,500 முதல் 7,500 தைவான் டாலர் வரை. படலம் பிரிக்காத கோப்பையைக் கையில் வைத்திருக்கலாம். நள்ளிரவை ஒட்டிக் கடைசி வண்டி போய்விடும், எனவே பதினொன்றரைக்கு ஸ்ட்ராவைக் குத்துவதா வேண்டாமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். காலிக் கோப்பையைப் போடத் தெருவில் தொட்டி தேடினால் கிடைப்பது அரிது. வாங்கிய கடையிலேயே போடுங்கள், மீந்த ஐஸையும் முத்தையும் தனியாகக் கொட்டச் சொல்வார்கள், அப்படியே செய்யுங்கள்.

சின்னக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

முத்தோடு கொடுக்காதீர்கள். அகல ஸ்ட்ராவில் வேகமாக உறிஞ்சும்போது முத்து நேராகத் தொண்டைக்குப் பாயும், மூச்சுக்குழாயில் சிக்கினால் ஆபத்து. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு இரவில் இது இன்னும் ஆபத்து. பெரியவர்களும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு குடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பியபின் வீட்டில் செய்ய முடியுமா? ஜவ்வரிசி போதுமா?

ஜவ்வரிசி போதாது, குழைந்துவிடும். மரவள்ளி ஸ்டார்ச் மாவு 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். 60 மில்லி தண்ணீரில் 40 கிராம் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிடுங்கள். கொதிக்கும்போதே மாவில் மூன்றில் ஒரு பங்கைப் போட்டுப் பசைபோலக் கிளறி, அடுப்பை விட்டு இறக்கி, மீதியைச் சேர்த்துக் கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். தண்ணீர் கொதிக்காமல் இருந்தால் மாவு சேராது, கையிலிருந்து வழுக்கி ஓடும். சுண்டைக்காயைவிடச் சிறிதாக உருட்டி, மேலே சொன்ன மாதிரியே வேகவைத்து மூடி வையுங்கள். கருப்பட்டியின் மணம் தைவான் கருப்புச் சர்க்கரைக்கு ஒரு துளியும் குறைந்ததல்ல. செய்த அன்றே தீர்த்துவிடுங்கள்.

எல்லாக் கடையும் மூடிவிட்டது. இப்போது என்ன செய்வது?

இருபத்துநாலு மணி நேரக் கடைகள், செவன் இலெவனும் ஃபேமிலிமார்ட்டும், கூப்பிடு தூரத்தில் இருக்கும். அங்கே அட்டைப் பெட்டியில் பால் தேநீர் கிடைக்கும். வெகுகாலமாக விற்கும் மாய்ஷியாங் மலிவானது, பள்ளிப் பிள்ளைகள் வாங்குவது. முத்து இருக்காது. ஆனால் தைபெய்ப் பக்கம் இருந்தால் நான் கையைக் காட்டுவது யோங்ஹே வகைச் சோயாப்பால் கடைகளை. சில இரவு முழுக்கத் திறந்திருக்கும், சில விடியலுக்கு முன்பே அடுப்பு மூட்டும். சூடான சோயாப்பால் ஒரு கிண்ணம், எண்ணெயில் பொரித்த நீள ரொட்டி ஒன்று. கஃபீன் கிடையாது, இனிப்பில்லாமலும் கேட்கலாம், “வூ தாங்” என்ற அதே வார்த்தைதான்.